நல்ல நேரத்துக்குக் காத்திருந்த ஜீப்

வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான வேலை யார் கையால் ஆனது என்று கேட்டீர்கள். என் கையால் இல்லை. எனக்கு ஸ்பேனருக்கும் தோசைக் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பெட்ரோல் டாங்கைத் திறக்கிற ஆள் நான். இந்த ஜீப்பை ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டுத் திரும்பவும் ஒன்று சேர்த்தது என் தங்கை சௌந்தரநாயகி. வீட்டில் சௌந்தரம் என்போம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு வண்டியோடு அதன் கதையும் வேண்டும் என்கிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து அதற்காகவே வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது. உட்காருங்கள். வைரக்கண்ணு என்றால் இந்த வட்டாரத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள் என்று பெயர். முடிந்தவரை அப்படியே சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து, திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது இது. அமெரிக்க வண்டி, அதனால்தான் ஸ்டீயரிங் இடப்பக்கம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வாய்க்கால், வரப்பு, உளைச்சேறு எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ஐம்பத்தைந்து புயலில் வண்டிமேல் கொட்டகையும், கொட்டகைமேல் ஒரு புளியமரமும் விழுந்தன. பிறகு பதினைந்து வருடம் அதைக் கோழிகள்தான் ஓட்டின.

அதைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது எழுபத்தொன்றில். அறுபத்தேழு வரை நான் கதர். தேர்தல் முடிவு வந்த வாரமே கரை வேட்டிக்கு மாறினேன். இரண்டையும் வெளுத்தவர் ஒரே சலவைக்காரர்தான், அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. மாவட்டக் கூட்டத்துக்கு மற்றவர்கள் ஜீப்பில் வந்து இறங்க, நான் மாட்டு வண்டியில் போய் இறங்கினேன். மாலை போடும் நேரத்தில் மாடு சாணி போட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஊரும் அப்போது நன்றாக இல்லை. யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. அறுவடைக்கு வெளியூர் ஆள் இறக்கினால் வரப்பில் மறிப்பார்கள். மறித்தவர்கள் மேல் கேஸ் போடுவோம். கேஸ் போட்டவன் வைக்கோல் போர் எரியும். தெருக்கோடியில் நின்று ‘ஆண்டே’ என்று கூப்பிட்டவர்கள், தோளில் துண்டோடு வாசல்வரை வந்து பேசினார்கள். அப்படி வர வேண்டும் என்றுதான் நானும் மேடையில் பேசிக்கொண்டிருந்தேன். வந்தபோதுதான் கஷ்டமாக இருந்தது.

சௌந்தரம் பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை தேங்காய் லோடு அடிக்கிற லாரி வைத்திருந்தார். அவர் லாரிக்கு அடியில் படுத்திருக்க, இவள் விளக்குப் பிடித்து, சாமான் எடுத்துக் கொடுத்து, கடைசியில் அவருக்கே சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். மஞ்சள்காமாலையில் அவர் போனதும், பிள்ளை இல்லாதவளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். நான்தான் போய் அழைத்து வந்தேன். பின்கட்டில் ஓர் அறை கொடுத்தேன்.

என் மனைவி நாகரத்தினத்துக்கு அது பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் சௌந்தரம் முகத்தில் விழித்துவிடக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போவாள். ஒருநாள் அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டு, அதற்கும் சௌந்தரத்தைத்தான் திட்டினாள். நான் இதையெல்லாம் கண்டித்திருக்கிறேன். மேடையில் நான் கைம்பெண் கொடுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

ஜீப்பைச் சௌந்தரம் பார்க்கட்டும் என்று நான் சொன்ன அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. நான் அசையவில்லை. விதைநெல் கிடங்கைக் காலி செய்து வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து உள்ளே விட்டோம். அந்தக் கிடங்கு, எலி நுழையாதபடி கான்கிரீட் தளம் போட்டுக் கட்டினது. முன்னால் இரட்டைக் கதவு, பின்னால் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் ஒரு சின்னக் கதவு, உயரத்தில் கம்பிவலை அடித்த ஒரு காற்றுவழி. அவ்வளவுதான்.

அந்த மாதங்களைப் போல எங்கள் வீடு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. காலேஜிலிருந்து லீவில் வந்த என் மகள் அம்சம் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் வைத்துத் துரு தேய்த்தாள். நான் சீட்டுத் துணியைத் தைக்க முயன்று என் வேட்டியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். அதைப் பிரித்து எடுக்க வந்த நாகரத்தினம், பார்க்கச் சகிக்காமல் தானே மிஷினில் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தவள். அவளுக்கே தன்மேல் கோபம் வந்துவிட்டது.

“புருசன முழுங்கினவ கையில வண்டியக் குடுத்திருக்கீங்க. இது எங்க போயி நிக்கப்போவுதோ,” என்றாள் என்னிடம், சௌந்தரத்துக்குக் கேட்கும்படி.

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. “அண்ணி, அந்த அரை இஞ்ச் ஸ்பேனர எடுத்துக் குடுங்க. முழுங்கிட மாட்டேன்.”

நாகரத்தினம் எடுத்துக் கொடுத்தாள். அதுதான் எங்கள் குடும்பம்.

சாமான்கள் கூத்தாநல்லூர் முகம்மது யூசுப் கொண்டுவந்தார். பர்மாவில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். சௌந்தரம் கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்த அழகைப் பார்த்துவிட்டு, “இந்தம்மாவ எங்கிட்ட அனுப்புங்க மொதலாளி, பட்டறைய எழுதிவச்சுடுறேன்,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

இனி நிலத்துச் சங்கதி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

அறுபத்தொன்றில் முதல் உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, எங்கள் பக்கத்தில் வீட்டு மாடுகள் தவிர மற்ற எல்லார் பெயருக்கும் நிலத்தை எழுதினார்கள். நான் வெட்டாற்றங்கரையில் ஒன்றரை வேலியை, உங்கள் கணக்கில் பத்து ஏக்கர், சௌந்தரம் பெயருக்குத் தானமாக எழுதி ரிஜிஸ்டர் செய்தேன். பெயருக்குத்தான். குத்தகை நெல் என் பத்தாயத்துக்கே வந்தது. அவளும் கேட்டதில்லை. கரை வேட்டிக்கு மாறிய பிறகு அதையே மேடையில் பயன்படுத்திக்கொண்டேன். ‘பெண்ணுக்குச் சொத்து கொடு என்று பேசுகிறவன் அல்ல நான், கொடுத்தவன்’ என்பேன். கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆகும்.

பிறகு எங்கள் ஆட்சியிலேயே உச்சவரம்பை இன்னும் குறைத்தார்கள். குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிவு செய்கிற சட்டமும் வந்தது. பெயர் ஏறிவிட்டால் அவனைக் கிளப்ப முடியாது. இரண்டுக்கும் நான் பட்டாசு வெடித்தேன்.

சௌந்தரம் பெயரிலிருந்த நிலத்தை உழுதவன் காத்தான். அவன் அப்பன் எங்கள் பண்ணையாள். மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம் காத்தான் நேராகக் கிடங்கு வாசலுக்கு வந்தான். சௌந்தரம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் அவளைச் சின்னம்மா என்பான். இருவரும் பேசிக்கொண்டிருக்க, நான் குறுக்கே போய், என்னடா விஷயம், என்னிடம் சொல் என்றேன்.

“நிலத்துக்காரங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்,” என்றான். “நீங்க செத்த இருங்க.”

குரலை உயர்த்தவில்லை. துண்டைக்கூடச் சரி செய்துகொள்ளவில்லை. களத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் சிரித்தான். சௌந்தரம் காத்தானைப் பார்த்து, மேலே சொல்லுங்க என்றாள்.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை நன்னிலம் தாலுகா கச்சேரியில் காத்தான் பெயரைப் பதிவதற்கான விசாரணை என்று அப்புறம் தெரிந்தது. அவன் போன பிறகு நான் சௌந்தரத்திடம் பதமாகத்தான் கேட்டேன்.

“அதிகாரி கேட்டா என்னம்மா சொல்லப்போற?”

“உள்ளதச் சொல்லுவேண்ணே. நிலம் எம்பேர்ல இருக்கு. உழுவுறது காத்தான். இதுல ஒளிக்க என்ன இருக்கு?”

“அது உனக்குக் குடுத்த நிலம் இல்ல சௌந்தரம். உம்பேர்ல வச்ச நிலம்.”

“மேடையில குடுத்தேன்னுதான சொன்னீங்க. நானும் பின்னால நின்னு கை தட்டினேன்.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பதில் என்றால் யார் சொன்னாலும் ரசிப்பேன். அவளும் மனம் விட்டுப் பேசினாள். இனிமேல் குத்தகை நெல்லைக் காத்தான் அவளிடமே அளப்பானாம். அதை வைத்துக் கூத்தாநல்லூரில் யூசுப் பட்டறைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, தனியாக இருந்து வேலை பார்க்கப் போகிறாளாம்.

“அந்தப் பின்கட்டுலயே கெடந்து எனக்கு மூச்சு முட்டுதுண்ணே,” என்றாள். “வெள்ளிக்கெழம நன்னிலத்துக்கு இந்த வண்டியிலதான் போவேன். நாந்தான் ஓட்டுவேன். நீங்க வேணா பக்கத்துல உக்காந்துக்குங்க.”

ஆகட்டும் என்றேன்.

பொங்கலுக்கு முன்பே பச்சை பெயின்ட் அடித்தாகிவிட்டது. களத்தில் கதிரடிப்பு நடந்துகொண்டிருந்ததால் பதரும் தூசியும் ஈரப் பெயின்டில் ஒட்டின. அம்சம் ஏணி போட்டு ஏறி, அந்தக் காற்றுவழியில் சாக்கைத் திணித்து அடைத்தாள். கதவு இடுக்குகளில் நாகரத்தினம் பழந்துணி செருகினாள். நான் சொல்லவில்லை, அவர்களாகச் செய்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பெயின்ட் இன்றைக்கும் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பதற்கு அதுதான் காரணம்.

பொங்கல் மறுநாள் இன்ஜின் முதல் தடவை ஓடியது. யூசுப் வந்திருந்தார். சௌந்தரம் சாவி போட்டு, காலால் மிதித்து ஸ்டார்ட் செய்தாள். சத்தம் வந்ததும் அம்சம் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் மூக்கிலும் கிரீஸ். கொஞ்ச நேரத்தில் யூசுப் போய் இரட்டைக் கதவை விரியத் திறந்துவிட்டார். என்னை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

“மொதலாளி, கதவச் சாத்திக்கிட்டு ஓட்டாதீங்க. இந்தப் பொகையில வாடையே தெரியாத வெஷம் ஒண்ணு இருக்கு. பர்மாவுல ரெண்டு பசங்க குளிருக்குக் கதவ அடச்சுட்டு இன்ஜின ஓட விட்டானுங்க. காலையில பாத்தா தூங்குறாப்புல இருந்தானுங்க. லாரிய வெட்டவெளியில வச்சே வேல பாத்தவங்க, அந்தம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்காது. நீங்க சொல்லிடுங்க.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். நிதானமான மனுஷர், அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு முறை சௌந்தரத்தின் பக்கத்தில் போய் நின்றேன். ஒருமுறை காபி குடித்தாயா என்று கேட்டேன். இன்னொரு முறை என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

வண்டிக்குப் பூஜை போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும் என்று நாகரத்தினம் நின்றாள். என்னைப் போன்ற பகுத்தறிவுக்காரர்கள் வீட்டில் பூஜை மனைவியின் இலாகா. அவள் நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்ததும் அதே வெள்ளிக்கிழமை காலைதான். இதிலும் என் கை இல்லை. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கதவு திறந்து வண்டி வெளியே வரும்போது முதல் முகமாகச் சௌந்தரம் நிற்கக் கூடாது. மேளக்காரர்கள், பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாரும் வருகிற இடம்.

நான் நாகரத்தினத்தை எல்லார் முன்னாலும் கண்டித்தேன். இந்தக் காலத்திலுமா என்று கேட்டேன். அவள் அழுதாள். பிறகு நானே ஒரு வழி சொன்னேன். புது இன்ஜின், குளிர்காலம், நல்ல நேரத்தில் எடுக்கும்போது நின்றுவிட்டால் அபசகுனம் என்பார்கள். முன்னாலேயே ஓட்டிச் சூடுபடுத்தி வைக்க வேண்டும். சௌந்தரம் உள்ளே இருந்து அதைப் பார்த்துக்கொள்ளட்டும். முன்கதவைப் பூட்டி நாகரத்தினம் சாவியை வைத்துக்கொள்ளட்டும். மேளம் ஆரம்பித்ததும் சௌந்தரம் பின்கதவு வழியாகத் தொழுவத்துக்கு வந்துவிடட்டும். ஓட்டத் தெரிந்தவர் யாரையாவது வைத்து வண்டியை வாசலுக்கு எடுத்துக்கொள்ளலாம். பூஜை முடிந்து எல்லாரும் கலைந்ததும் அவளே வண்டியை நன்னிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகட்டும்.

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. சௌந்தரம்தான் முகத்தைச் சுளித்தாள். “ஒங்க நல்ல நேரத்துக்கு நான் இருட்டுல உக்காந்து காவல் காக்கணுமாக்கும்,” என்றாள். பிறகு, சரி, இன்னும் ஒருநாள்தானே என்றாள். இந்த வீட்டில் அவளை ஒளித்து வைப்பது புதிதில்லை. கல்யாணம், காட்சி எல்லாவற்றுக்கும் அவள் தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தப் பழக்கம் இல்லாத வீட்டில் இது நடந்திருக்காது. நான் மேடையில் சொன்னதெல்லாம் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல பனி. சௌந்தரம் தலைக்குக் குளித்து, நன்னிலம் போவதற்கென்று வெளுத்த புடவை கட்டியிருந்தாள். உள்ளே போனாள். நாகரத்தினம் முன்கதவைப் பூட்டிக் குங்குமம் வைத்தாள். இன்ஜின் சத்தம் சீராக வந்தது. மேளக்காரர்கள் வரத் தாமதமானது. எங்கள் ஊர் மேளக்காரர்கள் என்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்தார்கள்? வந்தவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னேன். ஆறவிடாமல் இரண்டாவது முறையும் கொடுக்கச் சொன்னேன்.

மேளம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நாகரத்தினம் என் பக்கம் வந்தாள். “ஏங்க, உள்ள தட்டுறாப்புல இல்ல?”

“டாப்பெட் சத்தம்,” என்றேன். “புது வால்வு அப்படித்தான் தட்டும்.”

அந்த வார்த்தையைச் சௌந்தரம் சொல்லித்தான் கேட்டிருந்தேன். நான் சரியான இடத்தில் பயன்படுத்தியது அந்த ஒருமுறைதான். பிறகு தவில்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவர் கொட்டி முழக்கினார்.

இன்ஜினை நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் யோசிப்பீர்கள். வண்டி தெரிந்தவர் நீங்கள். நானும் யோசித்திருக்கிறேன். தலை சுற்றியபோது கோளாறு தன் உடம்பில் என்று நினைத்திருப்பாள். அந்த இன்ஜின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நல்ல நேரம் நெருங்கியதும், சௌந்தரம் வெளியே வந்துவிட்டாளா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நானே பின்பக்கம் போனேன். பின்கதவின் வெளித்தாழை எடுத்தேன். அவள் கதவோரம் கிடந்தாள். கையில் அந்த அரை இஞ்ச் ஸ்பேனர். கதவின் கீலைப் பிடித்திருந்த போல்டுகளில் இரண்டைக் கழற்றிவிட்டிருந்தாள். மூன்றாவது பாதி வந்திருந்தது. ஸ்பேனரை அவள் கையிலிருந்து எடுத்து மடியில் செருகினேன். வண்டியை நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டேன். கூட்டம் கலைந்ததும் அந்த போல்டுகளைத் திரும்ப மாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மெக்கானிக் வேலை அது ஒன்றுதான். கோணலாக இருக்கும், பார்த்தால் தெரியும்.

மாரடைப்பு என்று சொன்னார்கள். கைம்பெண் சுப காரியத்தில் கை வைத்தாள் என்று பங்காளி வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. காத்தான் மட்டும் தெருவில் வந்து நின்றான். “சின்னம்மா இன்னிக்கு வரேன்னாங்க,” என்றான். என்னைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றான். நான் அழுதுகொண்டிருந்தேன். அது நடிப்பில்லை, நம்புங்கள்.

யூசுப் துஷ்டி கேட்க வந்து, சொன்னீங்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொன்னேன், அவள் கேட்கவில்லை என்றேன். தலையை ஆட்டினார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அவள் போனால் நிலம் எனக்குத் திரும்பும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். நன்னிலம் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: அப்பா வழியில் வந்திருந்தால் திரும்பும், நீங்கள் தானமாக எழுதியிருக்கிறீர்கள், பிள்ளையில்லாதவள், ஆகவே புருஷன் வீட்டாருக்குப் போகும். அவளை வேண்டாம் என்று அனுப்பிய பட்டுக்கோட்டைக் கொழுந்தன் சிங்காரவேலு, இளநீர்க் குலையோடு வந்து இறங்கி நிலத்தை வாங்கிக்கொண்டான். அவனுக்கு நெல்லும் தெரியாது, எங்கள் ஊர் வம்பும் வேண்டாம். காத்தானுக்கே விற்றுவிட்டுப் போனான். இப்போது நீங்கள் வந்த வழியில் மோட்டார் கொட்டகையும் மாடி வீடும் பார்த்திருப்பீர்கள். அதுதான். காத்தான் பேரன் என்ஜினியர்.

அந்தப் புகையின் விஷத்தைப் பற்றி அம்சம் எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டாள். ‘காற்றுவழியை நான்தானே அடைத்தேன்’ என்று எழுதினாள். இங்கே வருவதை நிறுத்திவிட்டாள். நாகரத்தினம் சாகும்வரை அந்தப் பூட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “நாந்தானங்க பூட்டினேன்,” என்பாள். நீ வேண்டுமென்றா செய்தாய், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே என்று ஒவ்வொரு தடவையும் தேற்றினேன். சலித்துக்கொண்டதே இல்லை. இருபது வருடம் ஒரு மனைவியை அப்படித் தேற்றுவதற்குப் பொறுமை வேண்டும்.

பின்கதவுக்கு வெளித்தாழ் இருந்ததே நாகரத்தினத்துக்குத் தெரியாது. அதற்கு முந்தின நாள் நான் ஆளை வைத்துப் போட்டது. சௌந்தரம் உள்ளே போனதும் அதை இழுத்துச் சாத்தியவன் நான். தட்டியது டாப்பெட் இல்லை என்று எனக்குத் தெரியும். முதலில் வேகமாகத் தட்டினாள். பிறகு விட்டுவிட்டு. அண்ணே என்று ஒருமுறை கேட்டது. தவிலுக்கு நடுவில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

நிலத்துக்காகச் செய்தேன் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். நிலம் போன பிறகும் எனக்கு வருத்தம் வரவில்லை என்பதைக் கவனித்தபோதுதான் அது இல்லை என்று புரிந்தது. காத்தான் என் களத்தில் நின்று அவளை நிலத்துக்காரி என்றான். அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். மற்றபடி எனக்கு அவள்மேல் ஒரு குறையும் கிடையாது. இந்த வீட்டில் அவளை ஒரு மனுஷியாக மதித்தவன் நான் ஒருத்தன்தான்.